சதுரங்க மூளையும் ஏழேகால் வேனும்

திருமூர்த்திக்கு மூளை இருக்கிறது என்பதை அருள்புரத்தில் இரண்டே பேர்தான் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒருவர் திருமூர்த்தி. இன்னொருவர் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்த ஜெபக்குமார். தினமும் காலையில் சதுரங்கத்தில் திருமூர்த்தியிடம் தோற்றுக்கொண்டிருந்தவர் அவர். தன்னைத் தோற்கடிக்கிறவனை யாராவது முட்டாள் என்று சொல்லிக்கொள்வார்களா?

காலை ஆறு மணிக்குப் பேக்கரியின் கடைசி மேஜையில் பலகையை விரிப்பார்கள். எட்டு மணிக்கு மடிப்பார்கள். நடுவில் ஆளுக்கு இரண்டு டீ, ஒரு தேங்காய் பன். கறுப்பு ராணி போன வருஷ மழையிலேயே சாக்கடையோடு போய்விட்டாள். அவள் இடத்தில் ஒரு தையல் மெஷின் பாபின் நின்று ஆட்சி செய்துகொண்டிருந்தது.

திருமூர்த்தி ஒரு பனியன் கம்பெனியில் சேம்பிள் செக்‌ஷன் இன்சார்ஜ். பெரிய ஆர்டர் ஓடுவதற்கு முன்னால், அதை வாங்கப்போகிற வெளிநாட்டுப் பையருக்குக் காட்டுவதற்காக ஒரே ஒரு பீஸை அப்பழுக்கில்லாமல் தைத்துக் கொடுக்கிற வேலை. பையர் சொல்வதைக் கொண்டுவருகிற, நேற்று மீசை முளைத்த மெர்ச்சண்டைசர்கூட வந்து, "காலரைக் கால் இஞ்ச் ஏத்துங்க" என்பான். ஏற்றினால், "எறக்குங்க" என்பான். வீட்டில் கேட்கவே வேண்டாம். அறுபத்து நாலு கட்டத்துக்குள் மட்டும்தான் பதினாறு பேர் திருமூர்த்தி சொன்ன இடத்துக்கு வாய் பேசாமல் நகர்ந்தார்கள். அந்த இரண்டு மணி நேரம் இல்லையென்றால் தான் ஒரு ஆளே இல்லை என்று அவர் நினைத்தார்.

அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆபத்து வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டே ஆரம்பித்தாள் சித்ரகலா.

"ஏனுங்க, முன்னால என்றகூட வேலை பாத்த தெய்வாத்தாக்கா போன் பண்ணியிருந்தாங்க. முதலிபாளையத்துல அவங்க கம்பெனில செக்கிங்குக்கு இன்சார்ஜ் வேணுமாமுங்க. என்னைய வரச் சொல்றாங்க. திங்கக்கெழமையே சேரோணுமாம்."

"போயேன் புள்ள. நல்லதுதான."

திருமூர்த்தி பெருந்தன்மையான மனிதர். அடுத்த வாக்கியம் வரும் வரைக்கும் பெருந்தன்மையாகவே இருந்தார்.

"கம்பெனி வேன் ஏழேகாலுக்கு வந்துருமுங்க. அதுக்குள்ள எல்லா வேலையும் என்னால முடியாது. வர்ஷினிக்குச் சடை போட்டு, டிபன் குடுத்து, சோறு கட்டி ஸ்கூல் பஸ் ஏத்தறத நீங்க பாத்துக்கோங்க."

"காலைலயா?"

"சாயங்காலம் ஸ்கூல் பஸ் அக்கட்ட ஸ்கூல்ல இருந்து இக்கட்ட ஊட்டுக்குத்தானுங்க வருது."

சித்ரகலா சும்மா கேட்கிற ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள். பீஸை ஒரு உதறு உதறி விரித்தால் போதும், விட்டுப்போன ஒற்றைத் தையல் தானாகவே வந்து அவளிடம் சரணடையும் என்று அந்தக் காலத்தில் பேசிக்கொள்வார்கள். வர்ஷினி பிறந்ததும் வேலையை விட்டாள். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கண்ணுக்கு செக் செய்யக் கிடைத்த ஒரே பீஸ் திருமூர்த்தி. அதில் இருந்த குறையெல்லாம் எண்ணி முடித்தாகிவிட்டது. அவளுக்கு மறுபடியும் அந்த டேபிளில் நிற்க வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து ஆசை. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"அந்த நேரத்துல எனக்குச் செஸ் இருக்குது" என்றார் திருமூர்த்தி.

"தெரியுமுங்க. வெளையாட்டுத்தானுங்களே."

அவ்வளவுதான். திருமூர்த்தி நாற்காலியை விட்டு எழுந்தார். போனைக் கையில் எடுத்தார். அதில் அவர் இதற்கென்றே சேர்த்து வைத்திருந்த கட்டுரைகள் பதினேழு.

"வெளையாட்டா? மூளைக்கு மருந்து புள்ள அது! கேளு. ஒண்ணு, ஞாபக சக்தி வளரும்."

"நேத்துத் தேங்கா வாங்கிட்டு வரச் சொன்னனுங்க."

"அதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம் ஞாபகத்துல நிக்கும். ரெண்டு, முன்யோசனை. எதுத்தாப்புல இருக்கறவன் என்ன பண்ணுவான்னு அஞ்சு மூவுக்கு முன்னாடியே தெரிஞ்சுரும்."

"நல்லதுங்க."

"மூணு, பொறுமை. நாலு, எவ்வளவு அவசரத்துலயும் பதறாம முடிவெடுக்கலாம். அஞ்சு, ஒரு வேலைல உக்காந்தா கவனம் அக்கட்ட இக்கட்டப் போகாது. வயசான காலத்துல மறதி வர்றதக்கூடத் தள்ளிப்போடும்னு போட்டுருக்கான்."

"இத்தனையும் உங்களுக்கு வந்துருச்சுங்களா?"

"வராம? நாலு வருசமா ஆடறேன்!"

"அப்படின்னா அந்த மூளைய வெச்சு இதுக்கொரு வழி சொல்லுங்க" என்றாள் சித்ரகலா. வெங்காயம் உரித்ததில் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. திருமூர்த்தி அதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அவர் பலகையைப் பார்க்கிற மாதிரி சமையலறையைப் பார்த்தார். தாடையைத் தடவினார். வழி கிடைத்துவிட்டது.

"பாரு புள்ள, காலைல நீ பண்ற வேலை ஒண்ணும் மலையில்ல. திட்டம் இல்லாமப் பண்றதுனாலதான் எட்டு மணி வரைக்கும் இழுக்குது. மூளைய வெச்சுப் பண்ணுனா ஏழு மணிக்கே எல்லாம் முடிஞ்சுரும். நீ வேனுக்குப் போலாம். நான் பேக்கரிக்குப் போலாம். வர்ஷினி ஊட்டப் பூட்டிச் சாவியப் பக்கத்து ஊட்ல குடுத்துட்டு பஸ் ஏறிக்கும்."

"ஏழு மணிக்கேவா? எனக்கு அந்த மூளை இல்லீங்களே."

"நான் செஞ்சு காட்டறேன். அதப் பாத்து நீ அப்படியே செய்யி."

"எப்பங்க?"

"நீ வேலைக்குச் சேர்ற அன்னைக்கே. திங்கக்கெழம."

"ஒரு நாள் காட்டுனாப் போதுமுங்க" என்று சித்ரகலா வெங்காயத்தோடு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பேக்கரியில் இதை விவரித்தபோது, ஜெபக்குமார் கையில் எடுத்த குதிரையை வைக்கவே மறந்துவிட்டார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பத்து வருஷத்துக்கு முன்னால் வந்தவர். ஊர் மாறினாலும் பேச்சு மாறவில்லை.

"ஒத்தச் சிப்பாயக் குடுத்து ராஜாவக் காப்பாத்துதியளேண்ணே! ஒரு காலம்பற போனாப் போட்டும், மிச்ச காலம்பற பூராவும் நம்ம கையில. ஏ அப்பா, என்ன மூவு!"

"சும்மாவா?"

"எங்க வீட்டுக்காரி ஆஷாவும் வேலைக்குப் போவணும்னு ஒத்தக் கால்ல நிக்காண்ணே. நீங்க ஆடுங்க. நானும் இதே மூவ ஆடிருதேன்."

திருமூர்த்தி அந்த ஆட்டத்தில் ஜெபக்குமாரை இருபது நகர்வில் முடித்தார். மனசு அவ்வளவு தெளிவாக இருந்தது.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து வரும்போது அப்ரூவல் டேக் இரண்டைக் கொண்டு வந்தார். பையர் ஒத்துக்கொண்ட சேம்பிளில் சிவப்பு நூல் போட்டுக் கட்டுகிற அட்டை அது. செய்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று இரண்டு கோடு இருக்கும். ஒன்று உபயோகத்துக்கு. எழுதும்போது கெட்டுப்போனால் மாற்றுவதற்கு இன்னொன்று. முன்யோசனை!

"இது எதுக்குங்க?" என்றாள் சித்ரகலா.

"திங்கக்கெழம நான் செஞ்சு காட்டுனதும் நீ இதுல கையெழுத்துப் போடோணும். இல்லீனா செவ்வாக்கெழம, 'அது நொட்டை, இது நொள்ளை'ன்னு பேச்சு மாத்துவ."

"கையெழுத்துப் போட்டா மாத்தக் கூடாதுங்களா?"

திருமூர்த்தியின் தொழிலைப் பற்றி வீட்டில் யாரும் கேள்வி கேட்டு வருஷக்கணக்கு ஆகிறது. அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சம்மணத்தை மாற்றிப் போட்டார்.

"மாத்தறதா? சேம்பிள் அப்ரூவல் ஆயிருச்சுன்னா அது கல்வெட்டு. மண்ணரைப் பக்கம் ஒருத்தன் என்ன பண்ணிப்போட்டான் தெரியுமா? சேம்பிளத் தன்ற யூனிட்ல பிரமாதமாத் தெச்சு அப்ரூவல் வாங்கிட்டு, மொத்த ஆர்டரையும் வேற ஒரு யூனிட்ல குடுத்து ஓட்டிட்டான். பையர் கண்டுபுடிச்சு அத்தனையும் திருப்பிட்டான். வேணும் அவனுக்கு! எந்தக் கை சேம்பிள் தெச்சுதோ அந்தக் கைதான் பல்க்கையும் ஓட்டோணும். நூல் மாறக் கூடாது, ஊசி மாறக் கூடாது, ஆளு மாறக் கூடாது. அதுதான் தொழில் தர்மம்."

"பல்க்குன்னா மொத்த ஆர்டருங்களா?"

"ஆமா. ஒண்ணு சேம்பிள். மிச்சம் பூராவும் பல்க்கு."

"தெரிஞ்சுக்கிட்டனுங்க" என்று இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். ரசம் அன்றைக்கு ரொம்ப நன்றாக இருந்தது. திருமூர்த்தி அதையும் சந்தேகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திட்டம் தீட்டினார். ஒரு பழைய அளவுத் தாளின் பின்பக்கத்தில் பதினாறு நகர்வுகள் எழுதினார். குக்கர் முன்னால் போகும், இட்லிப் பாத்திரம் பின்னால் வரும். குக்கர் சத்தம் போடும் இடைவெளியில் சட்னி அரைபடும். சட்னி தாளிக்கும் நேரத்தில் பீன்ஸ் வேகும். எந்த அடுப்பும் சும்மா இருக்காது, எந்தக் கையும் சும்மா இருக்காது. ஒரே ஒரு இடத்தில் பேனா நின்றது: சடை. அப்புறம் யோசித்தார். பன்னிரண்டு வயசிலிருந்து துணியிலும் நாடாவிலும் உழன்ற கை. நாடா பின்னுகிறவனுக்குச் சடை ஒரு வேலையா? எழுதினார்: பதினாறாவது நகர்வு, சடை, நாலு நிமிஷம்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது.

சித்ரகலா சமையலறைப் பக்கமே வரவில்லை. தண்ணி வார்த்துக் குளித்துவிட்டு, காட்டன் சேலை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருமூர்த்தி உள்ளே சுழன்றார். என்ன ஆச்சரியம்! குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. அடுப்பைத் திருகினால் முழு நெருப்பு எரிந்தது. மாவு பதமாகப் பொங்கியிருந்தது. கையை நீட்டிய இடத்தில் உப்பு, நீட்டாத இடத்தில்கூடக் கடுகு. ஆறு தடவை எழுப்பினாலும் ஏழாவது தடவைக்குக் காத்திருக்கிற வர்ஷினி, ஐந்தே முக்காலுக்குக் குளித்துச் சீருடையோடு வந்து, "குட் மார்னிங்ப்பா" என்றது.

இவ்வளவு சுலபமான வேலைக்கா இவள் இத்தனை வருஷம் அலட்டிக்கொண்டாள் என்று திருமூர்த்திக்கு மனைவி மேல் இரக்கமே வந்தது.

ஆறு ஐம்பத்தாறுக்கு மேஜை மேல் எல்லாம் தயார். இட்லி, தக்காளிச் சட்னி. மூன்று டப்பாக்களில் எலுமிச்சைச் சாதமும் பீன்ஸ் பொரியலும், மகளுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பக்கத்தில் வர்ஷினி, முதுகில் இரண்டு சடையோடு. இரண்டும் ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி ஒரே நீளம்.

"அம்மா, அப்பா போட்ட சடை உன்றத விட நல்லா இருக்குது" என்றது வர்ஷினி.

திருமூர்த்திக்குக் கால் தரையில் பாவவில்லை.

சித்ரகலா எழுந்தாள். பழைய செக்கிங் டேபிள் நடை. இட்லியைப் புரட்டினாள், பிய்த்தாள், வெளிச்சத்தில் பார்த்தாள். சடையை இழுத்துப் பார்த்தாள். டப்பா மூடியைத் தட்டிப் பார்த்தாள். சட்னியை நாக்கில் வைத்தாள்.

"உப்பு அரைச் சிட்டிகை கம்மியா இருக்குதுங்க."

"அவ்வளவு வித்தியாசம் டாலரன்ஸ்ல வரும்! சும்மா கமெண்ட்ஸ் குடுக்காத. அப்ரூவலா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"அப்ரூவல்தானுங்க. ஒரு கொறையும் இல்ல."

"அப்ப டேக்க எடு!"

செய்தவர் என்ற கோட்டில் திருமூர்த்தி தன் பெயரை இன்ஷியலோடு எழுதினார். அடியில் ஒரு கோடும் இழுத்தார். சரிபார்த்தவர் என்ற கோட்டில் சித்ரகலா கையெழுத்துப் போட்டாள். அதைத் தன் டப்பாப் பையின் காதில் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டாள். முடிச்சும் பலமான முடிச்சு.

"பாத்தியா புள்ள, ஆறு அம்பத்தாறு! இதுதான் செஸ் மூளை. நாளைல இருந்து இதே மாதிரி ஓட்டு. நான் பேக்கரிக்குக் கெளம்பறேன்."

"நானுங்களா? நான் எப்படீங்க ஓட்டறது?"

"ஏன்? பாத்தீல்ல?"

"பாத்தனுங்க. இந்த டேக்குல செஞ்சவர்னு யாரு பேருங்க இருக்குது?"

"என்ற பேரு."

"எந்தக் கை சேம்பிள் தெச்சுதோ அந்தக் கைதானுங்க பல்க்கையும் ஓட்டோணும்? நூல் மாறக் கூடாது, ஊசி மாறக் கூடாது, ஆளு மாறக் கூடாது. அன்னைக்கு நீங்கதானுங்க சொன்னீங்க. நாளைக்கு நான் சட்னி அரைச்சு, உப்பு அரைச் சிட்டிகை ஏறிப் போச்சுன்னா? மண்ணரைக்காரனுக்கு ஆன கதி நமக்கெதுக்குங்க?"

திருமூர்த்தி குனிந்து டேக்கில் தன் பெயரை மறுபடி படித்தார். ஐந்து நகர்வு முன்னால் பார்க்கிற மனிதருக்கு அடுத்த நகர்வு தெரியவில்லை. இது ஊடு, அது கம்பெனி என்று சொல்லலாம். ஆனால் ஊட்டுக்கு டேக் கொண்டு வந்தது யார்? சட்னி டாலரன்ஸில் வரும் என்று சொன்னது யார்? எந்தக் கட்டத்துக்கு நகர்ந்தாலும் அங்கே தானே நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது.

"நாளைக்குத் தேங்காச் சட்னி வெச்சுருங்க. சேம்பிள்ல சட்னின்னுதான் இருக்குது, கலர் மாத்திக்கலாமுங்க." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். வாசலில் ஒரு நிமிஷம் திரும்பினாள். "நீங்க சொன்னது நெசந்தானுங்க. செஸ் ஆடுனா மூளை நல்லா வேலை செய்யுது. இத்தன வருசத்துல நானே இவ்வளவு வெரசாச் செஞ்சதில்ல."

ஓட்டமும் நடையுமாகப் போய் வேனில் ஏறினாள். உள்ளேயிருந்த பெண்கள் ஏதோ சொல்ல, அவள் சத்தமாகச் சிரிப்பது வாசல் வரைக்கும் கேட்டது. அந்தச் சிரிப்பைத் திருமூர்த்தி கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் தோற்றவன் சந்தோஷப்படுவது எந்த ஆட்டத்திலும் விதி இல்லையே என்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார்.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றது வர்ஷினி, ஐந்தாவது இட்லிக்குக் கையை நீட்டியபடி.

"சொல்லு கண்ணு."

"அம்மா நேத்தே சொல்லிட்டாங்க, அப்பா எப்படியும் ஜெயிச்சுரோணும்னு. அதுதான் நான் சீக்கிரமே எந்திரிச்சேன். தொட்டி ரொப்புனது, சிலிண்டர் மாத்துனது, மாவு ஆட்டுனது, உப்பு டப்பாவ அடுப்புக்கிட்ட நகத்துனது எல்லாம் அம்மாதான்."

திருமூர்த்தி தன் பதினாறு நகர்வுத் தாளை எடுத்துப் பார்த்தார். அதற்கு முன்னால் யாரோ பதினாறு நகர்வு ஆடி முடித்திருக்கிறார்கள். அவரைத் தோற்கடிக்கவில்லை. ஜெயிக்க வைத்திருக்கிறார்கள். நாலு வருஷத்தில் எந்தக் கட்டுரையிலும் இந்த ஆட்டத்தை அவர் படித்ததில்லை.

சட்டென்று ஜெபக்குமார் ஞாபகம் வந்தது. நானும் இதே மூவ ஆடிருதேன் என்று சொன்னாரே! அந்த மனுஷனையாவது காப்பாற்ற வேண்டும். பதறிப் போய் போன் போட்டார். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே! செயிச்சிட்டியளா? எனக்குத் தெரியும்ண்ணே, நீங்க செயிப்பியன்னு. அதான் நானும் காத்திருக்கல, இன்னைக்கே ஆடிட்டேன். ஏழு மணிக்கு ரெண்டு நிமிசம் இருக்கையிலயே எல்லாம் ரெடி! ஆஷாவே அசந்துட்டா."

"ஜெபக்குமாரு, நான் சொல்றதக் கேளு. எதுலயும் கையெழுத்து மட்டும் போட்றாத!"

"போட்டாச்சேண்ணே!" என்றார் ஜெபக்குமார் பெருமையாக. "உங்க வீட்டு அக்கா நேத்தே ஒரு டேக்கு குடுத்துவிட்டாவ. அத செவப்பு நூல்ல கட்டிக்கிட்டு, ஆஷாவும் அதே வேன்லதான் போறா."